புதுப் புற்றின் ஒப்படைப்பு

புதுப் புற்றைச் சோதித்துப் பார்ப்பது செவ்வி என்ற எறும்பின் வேலை. ஒப்படைப்புக்கு முந்தின நாள் முட்டை அறையின் கூரையில் விரிசலைக் கண்டதும் கங்காணி எறும்பிடம் ஓடினாள்.

"அண்ணே, மழை வந்தால் ஒழுகும். சரிசெய்ய இரண்டு நாள் வேண்டும்."

"நாளைக்கென்று ராணியிடம் சொல்லியாயிற்று. குடியேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

மறுநாள் முட்டைகள் வந்து சேர்ந்தன. மதியமே மழை பிடித்துக்கொண்டது. செவ்வி விரிசலில் அப்பிய மண்ணெல்லாம் கரைந்து கரைந்து விழுந்தது. கீழே முட்டைகள். வேறு வழி தெரியாமல், மண் அப்பிய உடம்போடு தானே விரிசலுக்குள் புகுந்து அடைத்துக்கொண்டாள்.

மழை ஓய்ந்ததும் ராணி வந்து கங்காணியைப் பாராட்டினாள்.

"செவ்விதான் வீணாகப் பயந்தாள், ராணியம்மா," என்றான் அவன். "கூரையைப் பாருங்கள், எங்கேயாவது விரிசல் தெரிகிறதா?"