குலுக்கலில் வந்த வயல்

"அக்கா, இந்த வயல்ல நின்ன மக்காச்சோளம் எங்க?"

கேட்டவர் கையில் டேப், தோளில் நாலு முளைக்குச்சிகள். பயிர்க் காப்பீட்டுக்காக ஊர் ஊராக விளைச்சலை அளந்து எழுதுகிற அரசு ஊழியர். எல்லோருக்கும் அவர் அளவுக்காரர்.

"அறுத்துட்டேன் தம்பி" என்றாள் வயலுக்குச் சொந்தக்காரி. "மாட்டுத் தீவனத்துக்கு. பால்பண்ணை லாரி நேத்தே வந்து அள்ளிட்டுப் போயிடுச்சு."

அளவுக்காரர் குனிந்து, தவறி விழுந்திருந்த ஒரு கதிரை எடுத்து உரித்தார். வரிசை தப்பாத மணிகள். நகத்தால் கீறினார், பால் தெறித்தது.

"இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா நல்லா முத்தியிருக்கும். தீவன விலையைப் போல மூணு மடங்கு கிடைச்சிருக்குமே, அப்படி என்ன அவசரம்?"

"தோணுச்சு, அறுத்தேன்."

தோணுச்சாம்! பத்து வருஷமாக வரப்பு வரப்பாக நடந்தவர் அவர். இந்தக் கதையெல்லாம் அவர் காதில் ஏறாது. சுற்றிலும் பார்த்தார். மழை ஏமாற்றியதில் கண்ணுக்கெட்டிய தூரம் கருகிக் கிடந்தது. ஆழ்துளைக் கிணறு இருந்த இந்த ஒரு வயல்தான் பச்சென்று நின்றிருக்கிறது.

அவருக்குப் பொறி தட்டியது.

"விளைச்சல் அளக்கிற குலுக்கல்ல உங்க வயல் வந்திருக்குன்னு போன வாரம் நோட்டீஸ் ஒட்டினோமே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"குலுக்கல்ல வர்ற நாலு வயலோட சராசரிதான் ஊர் மொத்தத்துக்கும் விளைச்சல். உங்க மக்காச்சோளத்தை முத்தினதும் அறுத்து எடை போட்டா சராசரி எகிறிடும், ஊர்ல ஒருத்தருக்கும் இழப்பீடு வராது. அதுவும் தெரியும்?"

"தெரியும். அறுத்த வயலா இருந்தா என்ன செய்வீங்க?"

"பக்கத்து வயலை எடுத்துக்குவோம். அதுதான் விதி."

"அப்ப எடுத்துக்குங்க."

குரலில் பயமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அதுதான் அவரைக் குடைந்தது.

"கெட்டிக்காரிதான் நீங்க. தீவனத்துலயும் காசு, இழப்பீட்டுலயும் காசு. ஆனா அது மக்களோட வரிப்பணம் அக்கா. நானும் கட்டறேன், தீப்பெட்டி வாங்கறவனும் கட்டறான்."

"கருகினவங்களுக்குத்தானே அந்தப் பணம்? இதெல்லாம் கருகலையா? உங்க கண்ணால பாருங்க."

"கருகினது அவங்க பயிர். உங்களது கருகலையே!"

அவள் சிரித்துவிட்டாள். "கருகுச்சுன்னு நான் எப்ப சொன்னேன்?"

சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அளவுக்காரர் பக்கத்து வயலில் இறங்கி முளையடித்தார். அந்த வயல்காரர் டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார். அங்கே ஒரு கதிரை உரித்தால் மொத்தம் ஒன்பது மணி, அதுவும் சூம்பல்.

"அவங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க சார்" என்றார் வயல்காரர், தரையைப் பார்த்தபடியே. "அறுங்கன்னு நாங்க யாரும் போய்க் கேக்கலை. காலையில எழுந்து பார்த்தா ஆள் இறங்கி வெட்டிக்கிட்டிருக்கு."

வெட்டியது அவளுடைய பயிர். அதைத் தப்பு என்று எழுத எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டார்; வயல் எண்ணைச் சொன்னார்.

"இவங்களுக்கு எவ்வளவு வரும்னு பார்த்துச் சொல்லுங்களேன். சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"நம்பர் சரிதானா சார்? ஊர்ல எல்லாரும் லிஸ்ட்ல இருக்காங்க. இந்த ஒரு வயலுக்கு மட்டும் காப்பீடே கிடையாதே!"