மலரில் வந்த படம்

"இந்தப் படம்தான் மலர்ல வரணும். எனக்கு இது மதி, இதுவே போதும்" என்றார் நீலகண்டய்யர், ஒரு படத்தைத் தள்ளி வைத்துவிட்டு மற்றதைத் தட்டிக் காட்டி.

போட்டோகிராபர் சற்குணத்துக்குச் சுருக்கென்றது.

அய்யர், கிழக்கேகோட்டையில் இருந்த சங்கீத சபையின் காரியதரிசி. சபையின் ஆண்டு மலருக்காக பாடகி ஜெயலக்ஷ்மியின் கச்சேரியைச் சற்குணம் இரண்டு படங்கள் எடுத்திருந்தார். அதே மேடை, அதே ஆட்கள். நடுவில் இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

முதல் படத்தில் ஜெயலக்ஷ்மி, பிடில்காரர் குற்றாலலிங்கத்தின் பக்கம் திரும்பிச் சிரிக்கிறாள். தந்தி மேல் அவருடைய விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன.

இரண்டாவதில் பிடிலை மறைத்துக்கொண்டு நீலகண்டய்யர் நிற்கிறார், ஜரிகை அங்கவஸ்திரத்தோடு.

"சாமி, முதல் படத்தை இன்னொரு தரம் பாருங்க. நான் கொளுத்தின மெக்னீசியப் பொடி வெளிச்சம் விரல்ல எப்படி விழுந்திருக்கு! உசிருள்ள படம் சாமி இது."

"இருக்கட்டும் ஓய். நான் சொன்னதை அச்சாபீஸுக்கு அனுப்பும்."

"அதுல பிடில்காரர் பாதி மறைஞ்சே போயிட்டாரே. நீங்கதான் பெரிசா..."

"அனுப்பும்னா அனுப்பும்!"

குடையை எடுத்துக்கொண்டு அய்யர் இறங்கிப் போய்விட்டார்.

தன் மூஞ்சி அச்சில் வர வேண்டுமாம்! அதற்காக ஒரு நல்ல படம் சாக வேண்டுமா?

சற்குணம் முதல் படத்தையே அனுப்பி வைத்தார். அய்யர் கேட்டால், அச்சாபீஸில் மாறிப் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

மலர் வெளிவந்தது. தம்பானூர் ஸ்டூடியோவுக்கே தேடி வந்து நாலைந்து பேர் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். அய்யர் மட்டும் வரவில்லை. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அடுத்த கச்சேரியில் பிடிலுக்கு வேறு ஆள். அதற்கடுத்த கச்சேரியிலும் குற்றாலலிங்கம் இல்லை.

சற்குணத்துக்குக் கொதித்தது. தன் படம் வராத ஆத்திரத்தை பாவம், அந்தப் பிடில்காரர் மேலா அய்யர் காட்டுவது?

மறுநாள் காலையிலேயே குற்றாலலிங்கத்தின் வீட்டுக்குப் போனார். பிடில் உறைக்குள் கிடந்தது.

"அந்த அய்யரை நான் சும்மா விடப் போறதில்ல அண்ணாச்சி. மெம்பருங்ககிட்ட போய்ச் சொல்லத்தான் போறேன்."

"யாரை? நீலகண்டய்யரையா?"

குற்றாலலிங்கம் இடது கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினார். விரல்களில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

சற்குணம் தன்னையறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"பயப்படாதீங்க. ஒட்டாதுன்னு டாக்டர் எழுதியே தந்திருக்காரு. யாரு நம்புதா? எட்டு வருசமா, விளக்கு வச்ச பொறவு நடக்குற கச்சேரியாப் பாத்துத்தான் அய்யரு எனக்குத் தருவாரு. அந்த வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு நீங்க பொடியைக் கொளுத்தினதும் பளிச்சுன்னு தெரிஞ்சு போச்சு. அதான் ரெண்டாவது படத்துக்கு ஓடி வந்து என் முன்னால நின்னுக்கிட்டாரு."

விரல்மேல் விழுந்த வெளிச்சம் என்று சற்குணம் கொண்டாடியது இந்தத் திட்டுகளைத்தான்.

"மலரைப் பாத்துட்டு மெம்பர்மாரு கூட்டம் போட்டாவ. இந்தக் கையோட மேடை ஏறப்படாதுன்னுட்டாவ. என்கிட்ட படிச்ச ரெண்டு பிள்ளைகளும் நின்னு போச்சு. அய்யரு எனக்காக எவ்வளவோ மல்லுக்கு நின்னாரு. நடக்கல. காரியதரிசி வேலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு நேரா இங்கதான் வந்தாரு."

"வந்து... என்ன சொன்னார்?" சற்குணத்தின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"என்னத்தைச் சொல்ல? 'ரெண்டு படத்துல தப்பானதை நான்தான் பொறுக்கிக் குடுத்துட்டேன், மன்னிச்சுரும்'னு இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு அண்ணாச்சி."