வௌவால் மரம்

வௌவால்கள் பயந்தால் எப்படிக் கத்துகின்றன என்று ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஒருவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதையொட்டி ஏதாவது கலைப்படைப்பு செய்யச் சொல்லி, கலைஞரான என்னை மூன்று மாதம் அங்கே தங்கவைத்திருந்தார்கள். வௌவால்கள் இருந்தது பக்கத்து ஊர் ஆலமரத்தில். அவை மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. பேராசிரியர் பதிவுசெய்திருந்த பயக் குரல்களை ஹெட்போன்களில் ஒலிக்கவைத்து, விழுதுகளில் தொங்கவிட்டேன். படைப்பின் திறப்பு விழா ஏற்பாடுகளைக் கவனித்த பல்கலைக்கழக அலுவலர் மாசிலாமணியிடம், வெடி வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. “அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்” என்பார். பார்த்துக்கொண்டார். துணைவேந்தரின் கார் ஊருக்குள் திரும்பியதும் பத்தாயிரம் வாலா வெடித்தது. கறுப்புப் போர்வையை உதறியதுபோல மரம் மொத்தமும் எழும்பிப் போய்விட்டது. பேராசிரியர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “வெடியில்லாம எப்படி மேடம்? பெரியவங்களுக்கு மரியாதையா இருக்காதே” என்று மாசிலாமணி என்னிடமே நியாயம் கேட்டார். துணைவேந்தர் காலி மரத்தடியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, “அடடா, தத்ரூபம்!” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அவர்கள் டிபன் சாப்பிடப் போனதும், ஒயரையெல்லாம் பிடுங்கி எறிந்துவிடும் வேகத்தில் மரத்தடிக்குப் போனேன். அந்த ஊர்ப் பேச்சியம்மாள் ஒரு ஹெட்போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே என் கையைப் பிடித்தாள். “இத நல்லா ஊருக்கே கேக்குற மாதிரி சத்தமா வையி தாயி. அதுக ஆளுகதான் கூப்பிடுதுன்னு நெனச்சுத் திரும்பி வந்துரும்ல.”