காபி போன இடம்

புரோகிராமர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணிக்குள் மேனேஜருக்கு ரிப்போர்ட் போயாக வேண்டும், அதற்கு வேண்டிய சாஃப்ட்வேர் பேக்கேஜைக் காணோம். அவர் கம்ப்யூட்டரில் பைத்தான் என்கிற புரோகிராம் மொழி இரண்டு வெர்ஷன் குடியிருந்தது, பழசு ஒன்று, புதுசு ஒன்று. எந்த வெர்ஷனுக்கு என்று சொல்லாமலே இன்ஸ்டால் செய்வது அவருடைய பிறவிக் குணம். புதுசுக்குக் கேட்டது பழசில் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்று பழசிலும் இல்லை. பட்டியல் எடுத்துப் பார்த்தார். மூன்று வெர்ஷன் இருந்தது. மூன்றாவதை அவர் போடவே இல்லை. வாரம் முழுக்க அவர் கேட்ட பேக்கேஜ் எல்லாம் அதில்தான் சமர்த்தாக இருந்தது.

"காபி கேட்டு அரை மணி நேரமாச்சு!" என்று மனைவிமேல் எரிந்து விழுந்தார்.

"இப்பத்தானே மாடி ரூம்ல உங்க கையில குடுத்தேன்?"

காலையிலிருந்து அவர் கீழே ஹாலில் இந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

"வாங்கிட்டு என்ன சொன்னேன்?"

"தேங்க்ஸ்னு சொன்னீங்க. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு."

போன் சிணுங்கியது. மேனேஜர் அனுப்பியிருந்தார்: "ரிப்போர்ட் வந்துடுச்சு. முதல் தடவையா ஒரு தப்புகூட இல்ல."

மாடியில் யாரோ காலி கப்பை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. மனைவி படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். இரண்டில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று யோசிக்கிற முகம் அது.