இழுக்காத மோட்டார்

ஐப்பசி மழையில் நிரம்பிய ஒரகடம் ஏரி காலை வெயிலில் செம்மண் நிறமாகக் கிடக்கிறது. கரையில் ஈரச் சாக்கின் மேல் நாற்பது குதிரைத்திறன் மோட்டார் ஒன்று படுத்திருக்கிறது. ஜோயல் படகில் மாட்டியிருப்பது அதில் பாதி சக்திகூட இல்லாத சின்ன மோட்டார். பெட்ரோல் கம்மியாகக் குடிக்கும் என்கிறான். பொங்கலுக்குள் இங்கே நீர்ச்சறுக்கு தொடங்குவதாக அண்ணனும் தங்கையும் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. படகுக்குப் பின்னால், கால்களில் சறுக்குப் பலகைகளோடு, கழுத்தளவு நீரில் தங்கை இசைவாணி கயிற்றைப் பிடித்திருக்கிறாள். மறுபடியும் மோட்டார் கத்துகிறது, புகை நீரின்மேல் படிகிறது, கயிறு விறைக்கிறது. அவள் எழவில்லை. மார்பால் நீரை உழுதபடி கொஞ்ச தூரம் போய்க் கயிற்றை விடுகிறாள்.

"நீதான் கைய வுட்டுட்றே" என்கிறான் ஜோயல். அவள் இருமி முடிக்கிறாள். "அப்டின்னா நீ எறங்குண்ணா. நான் ஓட்றேன்."

அவன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறான். அவள் விசையை முழுதாகத் திருகுகிறாள். முழங்கால் மடங்கியபடியே அவன் இழுபடுகிறான். பலகை ஒன்று கழன்று மிதக்கிறது. வாயெல்லாம் சேற்றுத் தண்ணீர். கயிற்றை மட்டும் விடவில்லை. அவள் மோட்டாரை நிறுத்துகிறாள்.

"இது இழுக்கல. பெருச மாட்லாம் வா" என்கிறான் அவன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

பெரிய மோட்டார் ஒரே இழுப்பில் இசைவாணியை நீருக்கு மேலே நிறுத்துகிறது. காற்றில் அவள் சிரிப்பது படகுவரை கேட்கிறது. ஜோயல் கரைக்குத் திருப்பாமல் ஏரியின் மறுகோடிவரை ஓட்டிக்கொண்டே போகிறான்.