தரை இன்ஸ்பெக்டர்

"நகராதே! அங்கேயே நில்லு!"

நாத்தனார் போட்ட சத்தத்தில் புது மருமகள் ஆணியடித்தாற்போல் நின்றாள்.

பாத்ரூம் கழுவ எடுத்த ஆசிட் பாட்டில் கை நழுவி பாத்ரூம் வாசற்படியில் உடைந்து, ஆசிட் ஹால் தரையில் ஓடியிருந்தது. அவள் பாதத்திலும் நாலைந்து துளி. எரிச்சலில் உயிர் போக, கத்தியிருந்தாள்.

நாத்தனார் ஆசிட்டைத் தாண்டி உள்ளே வந்து, அவள் காலைக் குழாயடியில் வைத்துத் தண்ணீரை முழுசாகத் திறந்துவிட்டாள்.

"நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதே."

"சமையல் சோடா தடவினா அடங்குமே, அண்ணி?"

"தோலுக்குத் தண்ணிதான். சோடா தரைக்கு."

அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்தாள், கையுறையை மாட்டினாள், சமையல் சோடா டப்பாவோடு ஹாலில் குந்திவிட்டாள்.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கால் எக்கேடு கெட்டால் என்ன, இவள் தரைக்கு ஒன்றும் ஆகக் கூடாது! 'தரை இன்ஸ்பெக்டர்' என்று சும்மாவா பெயர் வைத்தேன்? விடிந்ததும் தரையைத் தடவிப் பார்க்கிறவள் ஆயிற்றே. ஒரு குண்டூசி கிடந்துவிட்டால் வீடே இரண்டுபடும்.

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துக் கணவனுக்குத் தட்டினாள்: 'முக்கியமா பேசணும். இன்னிக்கே.'

தனிக்குடித்தனம்தான். இனி ஒரு நாள்கூட இந்த வீட்டில் முடியாது.

ஹாலில் நுரை பொங்கி அடங்கியது. நாத்தனார் மறுபடி தூவினாள். நுரை வராத இடத்திலும் தூவினாள். மாமனாரின் அறை வாசல்வரை தூவிக்கொண்டே போனாள்.

"அங்கெல்லாம் சிந்தலையே, அண்ணி."

"தெறிச்சிருந்தா? தண்ணி மாதிரிதானே இருக்கும். பார்த்தா தெரியவா போகுது?"

பொங்குவது முழுசாக நின்ற பிறகுதான் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கி, துடைத்து, இரண்டு தரம் கழுவினாள். அப்புறம்தான் மருமகளின் காலைப் பார்க்க வந்தாள்.

"கொப்புளம் இல்லை. எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடலாம். இன்னும் எரியுதா?"

"இப்பவாவது கேட்கத் தோணிச்சே! எரியாம என்ன பண்ணும்?"

"எரியட்டும். நல்லதுதான்."

மருமகளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "என்ன அண்ணி பேச்சு இது?"

நாத்தனார் மூடியிருந்த அறைக் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எரியுதுன்னு உனக்குத் தெரியுது, உடனே கத்தினே. அப்பாவுக்குச் சர்க்கரையில ரெண்டு பாதமும் மரத்துப்போச்சு. போன வருஷம் குண்டூசி ஏறி, அதோடவே ரெண்டு நாள் நடந்திருக்கார். செருப்பு போட்டாலும் கழண்டது தெரியாம நடந்துட்டே இருப்பார். புது மருமகளுக்குத் தெரியவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். நீயும் காட்டிக்காதே."

கதவு திறந்தது. மாமனார் தூக்கக் கலக்கத்தோடு, வெறுங்காலில் ஹாலுக்கு வந்தார்.

மருமகள் சட்டென்று அவருக்கு முன்னால் குனிந்து, உள்ளங்கையால் தரையைத் தடவினாள்.

"என்னம்மா, இவளோட தரைப் பைத்தியம் உனக்கும் தொத்திக்கிச்சா?"

"ஈரம் காய்ஞ்சுதான்னு பார்த்தேன். வாங்க மாமா."

போன் அடித்தது. கணவன்தான்.

"என்னமோ முக்கியமா பேசணும்னியே, என்ன?"

"ஒண்ணுமில்லைங்க. டப்பா காலியாயிடுச்சு. வரும்போது ரெண்டு பாக்கெட் சமையல் சோடா வாங்கிட்டு வந்துடுங்க."