அத்தானுக்குக் கொழுப்பு

"கேக்கோட உள்ளே வராதே. அப்படியே திரும்பக் கொண்டுபோ!"

வாசலிலேயே கையை விரித்து மறித்துவிட்டார் அத்தான். அக்கா பிறந்தநாளாயிற்றே என்று ஆசையாக வாங்கி வந்த தங்கைக்கு மூக்கு விடைத்தது. சுயநலக்காரர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். பெண்டாட்டியின் பிறந்தநாள் கேக்கைத் திருப்பி அனுப்புகிறவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

"ட்ரைகிளிசரைடு ஏறியிருக்கிறது உங்களுக்குத்தானே அத்தான்? அக்கா ஒரு துண்டு சாப்பிட்டா என்ன?"

"அவ சாப்பிடறதைப் பார்த்தா எனக்கு நாக்கு ஊறும். ரத்தத்துல இந்தக் கொழுப்பு கூடினா மாரடைப்பு வரும்னு டாக்டர் பயமுறுத்தியிருக்கார். போறது என் உயிரு!"

'ரத்தத்துல மட்டுமா கொழுப்பு' என்று முணுமுணுத்தபடி, கேக்கை வாசலிலேயே வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

எண்ணெய்ச் சட்டி பரணுக்கு ஏறியிருந்தது. சர்க்கரை டப்பா காலி. அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் வாயைக் கட்டித் தன் உயிரைக் காப்பாத்திக்கிறாரேக்கா! சாயங்காலம் நடக்கிறதுக்கும் உன்னை இழுத்துட்டுப் போறாராமே?"

"தனியாப் போனா மயக்கம் வந்துடுமோன்னு அவருக்குப் பயம். போகட்டும் விடுடி." அக்கா சிரித்தாள்.

தங்கையால் விட முடியவில்லை. பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு சுயநலம் ஆகாது அத்தான்."

அவர் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு பேரும்தான் ரத்தம் கொடுத்தோம். எனக்கு ஒண்ணும் இல்லை. ஏறியிருந்தது உங்க அக்காவுக்கு."

"அக்காவுக்கா? அவகிட்டயே சொல்லியிருக்கலாமே அத்தான்!"

"அவகிட்ட சொன்னா கேப்பாளா? 'என் ஒருத்திக்காகத் தனிச் சமையலா'ம்பா. பிள்ளைங்க தட்டுல மிஞ்சினது, சட்டியில ஒட்டினது எல்லாத்தையும் வீணாப் போகுதேன்னு வழிச்சுத் தின்னுடுவா. எனக்குன்னு சொன்னேன், ஒரே நாள்ல வீடே மாறிடுச்சு. போன வாரம் துணைக்கு வான்னு கூட்டிட்டுப் போய் மறுபடி ரத்தம் கொடுக்க வச்சேன். பாதியாக் குறைஞ்சிருக்கும்மா!"

தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படிப்பட்ட மனுஷனையா வாய்க்கு வந்தபடி பேசினோம்! ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னடி, உளறிட்டாரா?"

"அக்கா! உனக்குத் தெரியுமா?"

"டாக்டர் அன்னைக்கே எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டார்."

"அப்புறம் ஏன் தெரியாத மாதிரியே இருக்கே?"

அக்கா பால்கனியை எட்டிப் பார்த்தாள். தொப்பை கரைந்து தொளதொளவென்று ஆகிவிட்ட கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கிளிப் மாட்டிக்கொண்டிருந்தார் அத்தான்.

"சத்தமாப் பேசாதே. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, நாளைக்கே தனக்கு மட்டும் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சிடுவார். அவருக்கும் ஒரு இதயம் இருக்கில்ல?"